லேசரால் காந்தத்தைப் புரட்ட: கடோலினியக் கலவையா, கோபால்ட்–பிளாட்டினமா?

காரைக்குடியில் மெல்லிய படலம் செய்யும் ஆய்வு மாணவர்கள் லேசர் துடிப்பால் காந்தத் திசையைப் புரட்ட எண்ணினால், கடோலினியம்–இரும்பு–கோபால்ட் கலவையில் தொடங்குங்கள் என்பேன். நான் தேர்ந்தெடுத்ததும் அதுதான். 1996-இல் நிக்கலில் கண்டது காந்தம் ஒரு பிக்கோ விநாடிக்குள், அதாவது விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள், குறைவதைத்தான். திசை மாறுவது வேறு சங்கதி.

கோபால்ட்–பிளாட்டினம் அடுக்கில் லேசரால் திசை மாறும் என்று 2014-இல் தெரிந்தது. 0.4 நானோமீட்டர் கோபால்ட், மேலே பிளாட்டினம் என்று மாற்றி மாற்றி அடுக்கினால் போதும். பிளாட்டினமே மூடியாகிவிடுவதால் படலம் எளிதில் கெடாது. ஆனால் ஒரு துடிப்பு போதாது. வட்ட முனைவாக்கம் கொண்ட, அதாவது ஒளியின் மின்புலம் சுழன்றுகொண்டே வரும், பல துடிப்புகள் வேண்டும். இந்த வட்ட முனைவாக்கத்தைத் தரும் கால் அலைத் தட்டு, ஒளியைத் திருப்பும் ஆடிகளுக்கெல்லாம் பிறகு, மாதிரிக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். முன்பே வைத்தால் ஆடிகளில் பட்டு வட்டம் நீள்வட்டமாகும்.

கடோலினியக் கலவையில் ஒரே துடிப்பு புரட்டும், முனைவாக்கம் எதுவானாலும். இரும்பின் காந்தமும் கடோலினியத்தின் காந்தமும் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. இரும்பு சுமார் 300 ஃபெம்டோ விநாடியில் (0.3 பிக்கோ விநாடி) திசை மாறுகிறது, கடோலினியத்துக்கு 1.5 பிக்கோ விநாடி ஆகிறது. அந்த இடைவெளியில் காந்தத்துக்குக் காரணமான எலக்ட்ரான் தற்சுழற்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகிறது. அடுத்த துடிப்பு பழைய நிலைக்கே திருப்பிவிடும். ஆகவே ஒற்றைத் துடிப்பைப் பிரித்தெடுக்க வழி வேண்டும். இல்லாவிட்டால் 1 கிலோஹெர்ட்ஸ் லேசரில் எத்தனை துடிப்பு விழுந்தது என்றே தெரியாது. 50 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள புள்ளியில் 0.2 மைக்ரோஜூல் விழுந்தால், நடுவில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிஜூல் வரும். ஆற்றல் மிஞ்சினால் நடுப்பகுதி வெவ்வேறு காந்தத் திசை கொண்ட சிறு திட்டுகளாக (டொமைன்) சிதறி, விளிம்பில் மட்டும் புரண்ட வளையம் தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பராமரிப்பு. கடோலினியம் ஆக்சிஜனைக் கண்டால் விடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடியில்லாத படலத்தை மேசையில் விடவே கூடாது. மேலேயும் கீழேயும் சுமார் 5 நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு போடுங்கள். அடிப்பக்கத்தை மறப்பவர்கள் அதிகம், கண்ணாடித் தளத்திலுள்ள ஆக்சிஜனும் தின்னும். கடோலினியம் ஆக்சைடானால் மிச்சக் கலவையில் இரும்பின் பங்கு ஏறும், இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்யும் வெப்பநிலை (ஈடுசெய் வெப்பநிலை) இறங்கும். அறை வெப்பத்தில் கடோலினியம் ஓங்கியிருந்த படலம் இரும்பு ஓங்கியதாக மாறும். இதைக் கண்டுபிடிக்க லேசரே வேண்டாம். காந்தப் படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கம் சற்றுத் திரும்புவதுதான் கெர் விளைவு; கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது பெரும்பாலும் இரும்பையே காட்டும். அதனால் காந்தத் தயக்க வளையம், அதாவது வெளிப்புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தம் மாறும் வரைபடம், தலைகீழாகிவிடும். அதற்கு முன்பே காந்த நீக்குப் புலம் (காந்தத்தைப் புரட்டத் தேவையான வெளிப்புலம்) கிடுகிடுவென ஏறும். படலம் செய்த அன்றே ஒரு வளையம் எடுத்து வைத்து, லேசரில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அதனோடு ஒப்பிடுங்கள்.

கலவை விகிதத்தோடு மல்லாட முடியாதவர்களுக்குப் பிளாட்டினம்–கோபால்ட்–கடோலினியம் அடுக்கும் உண்டு. 2017-இல் அதிலும் ஒற்றைத் துடிப்புப் புரட்டல் கிடைத்தது. விகிதத்துக்குப் பதில் தடிமனைப் பார்த்துக்கொண்டால் போதும். எனக்கு அதில் கைப்பழக்கம் குறைவு. மேலடுக்கு கடோலினியமாக இருப்பதால் அதற்கும் மூடி கட்டாயம்.