ஞாயிறு நீள ஓட்டம்: ஈஸ்ட் கோஸ்ட்டா, மெக்ரிச்சியா, ரெயில் காரிடாரா?

"அண்ணே, 30 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கணும், எங்கே போகட்டும்?" என்று எங்களோடு புதிதாக ஓட வந்திருக்கும் தம்பி போன வாரம் கேட்டார். வருடக் கடைசியில் மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறார். "எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டேன். சிங்கப்பூரில் எங்கே ஓடுவது என்பதைக் கடிகாரம்தான் முடிவு செய்கிறது.

விடிவதற்கு முன் என்றால் கடலோர ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. இங்கே சூரியன் எழவே 7 மணி ஆகிவிடும். 5 மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணி நேரம் வெயில் இல்லாமல் ஓடலாம். ஆனால் அந்த நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வியர்வை கொட்டினால் மட்டும் உடம்பு குளிராது, அது காய வேண்டும். கடல்காற்று லேசாக அடித்தாலும் அந்த வித்தியாசம் கழுத்தில் தெரியும். கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் நீளும் பூங்கா, வழியில் தண்ணீரும் கழிவறையும் உண்டு. ஒரே குறை, தரை முழுக்கத் தட்டை. கடைசி ஐந்து கிலோமீட்டரில் ஒரே தசை திரும்பத் திரும்ப அடி வாங்கும். அப்புறம், ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்றும் மழையும் திடீரென்று வரும். இடி கேட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

வெயில் ஏறியபின் ஓடுவதாக இருந்தால் என் ஓட்டு மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுக்கு. காட்டுப்பாதை திறப்பதே காலை 7 மணிக்குத்தான். ஒரு சுற்று ஏறக்குறைய 11 கிலோமீட்டர். சாலையில் அதை ஒரு மணி நேரத்தில் முடிப்பவருக்கும் இங்கே ஒன்றேகால் மணி ஆகலாம், அதற்காகக் கவலைப்படாதீர்கள். மர நிழல் தலையைக் காப்பாற்றும், ஆனால் உள்ளே காற்று அசையாது. மழை பெய்த மறுநாள் சட்டையைப் பிழிந்து பிழிந்து ஓட வேண்டியிருக்கும்.

பாதம் இங்கேதான் பாடம் படிக்கும். செம்மண், சரளைக்கல், நீரோரத்து மரப்பலகைப் பாதை, குறுக்கே ஓடும் வேர்கள் என்று ஒவ்வோர் அடியும் வேறு மாதிரி விழும். போன வருடம் இரண்டாவது சுற்றில், காலைத் தூக்கி வைக்க வேண்டிய இடத்தில் இழுத்து வைத்தேன். ஷூ நுனி வேரில் மாட்டி, இரண்டு உள்ளங்கையிலும் செம்மண் அப்பி, முழங்கால் தோல் உரிந்தது. களைத்த கால் உயரவில்லை, அவ்வளவுதான் காரணம். அன்றிலிருந்து இரண்டாவது சுற்றில் வேர் நிறைந்த இடங்களை நடந்தே கடக்கிறேன். ஈரமான பலகையிலும் அப்படித்தான். தீனியை பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போகாதீர்கள். அந்தச் சலசலப்புக்கே குரங்கு இறங்கி வரும்.

ரெயில் காரிடார் 24 கிலோமீட்டர். மலாயா ரெயில் 2011 ஜூன் 30 வரை ஓடிய தடம். ரெயில் செங்குத்தாக ஏறாது என்பதால் மேடுகூடத் தெரியாத அளவு லேசான சரிவாகவே இருக்கும். மாரத்தான் வேகத்தை மணிக்கணக்கில் ஒரே சீராகப் பிடித்துப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் நிழல் விட்டு விட்டுத்தான் வரும், தண்ணீர் கிடைக்கும் இடங்களும் குறைவு. பாதியில் முடியவில்லை என்றால் புக்கிட் தீமா இரும்புப் பாலத்துக்கு அருகே கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி ரெயில் நிலையம் இருக்கிறது. சில பகுதிகளை வேலைக்காக மூடுவதுண்டு, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஓடினாலும் தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததற்கு மேல் சுமார் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று அர்த்தம். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டீர்கள். மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அது உயிருக்கே ஆபத்து.

தம்பிக்கு நான் சொன்ன கணக்கு இது: மாதத்தில் இரண்டு ஞாயிறு ஈஸ்ட் கோஸ்ட், ஒரு ஞாயிறு மெக்ரிச்சி, ஒரு ஞாயிறு ரெயில் காரிடார். மலைப்பாதைப் போட்டிக்குப் போகிறவர் என்றால் முதல் இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வருகிற ஞாயிறு காலை 5 மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட்டில் பெடோக் ஜெட்டி அருகே சந்திக்கிறோம். இரண்டு போத்தல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். முடித்துவிட்டு லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவுக்கடைகளில் பசியாறலாம்.