சுடலைக்குயிலா, செஞ்சிறகுக் கொண்டைக்குயிலா?

இரண்டுக்கும் கொண்டை உண்டு, நீண்ட வாலும் உண்டு. அதனால் கொண்டையை விட்டுவிட்டுச் சிறகைப் பாருங்கள். சுடலைக்குயில் மேலே கறுப்பு, கீழே வெள்ளை. பறக்கும்போது கறுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். நீளம் ஏறக்குறைய 33 செ.மீ. இலங்கையின் குமண, மட்டக்களப்புப் பக்கத்துப் பற்றைக்காடுகளில் நிரந்தரமாக வாழ்வது இதுதான். புலுனி (தவிட்டுக்குருவி) கூட்டில் நீலமுட்டை இடும். புலுனியின் முட்டையும் நீலம் என்பதால் கண்டுபிடிப்பது கடினம்.

செஞ்சிறகுக் குயில் பெரியது, 45 செ.மீ. அளவு. தொண்டை துருநிறம், பிடரியில் வெள்ளைப் பட்டி. மாரியில் வந்துபோகும் விருந்தாளி, இங்கே முட்டையிடாது. அடர்ந்த இலைக்குள் ஒளிந்திருப்பதால் காண்பதே அரிது.

செம்பகத்துக்கும் செஞ்சிறகு என்பதால், பலர் அதைப் பார்த்துச் செஞ்சிறகுக் குயில் என்று ஏமாறுவார்கள். செம்பகத்துக்குக் கொண்டை இல்லை, வயிறும் கறுப்பு.