ஒரே சீர்திருத்தப் பள்ளி, இரண்டு நாவல்கள்: எதை முதலில் படிக்கலாம்?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மரியானா என்ற ஊர். அங்கே 1900இல் தொடங்கிய டோசியர் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியை 2011இல்தான் மூடினார்கள். அப்புறம் தென் புளோரிடா பல்கலைக்கழகக் குழு அந்த வளாகத்தில் 55 புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. அந்தப் பள்ளியை வைத்து எழுதப்பட்டவை கால்சன் வைட்ஹெட்டின் 'தி நிக்கல் பாய்ஸ்' (2019), டனனரிவ் டியூவின் 'தி ரிஃபார்மேட்டரி' (2023).

வைட்ஹெட்டின் எல்வுட், 1960களில் மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சை இசைத்தட்டில் கேட்டு வளர்ந்த, நன்றாகப் படிக்கும் கறுப்பினப் பையன். கல்லூரி வகுப்புக்குப் போகும் வழியில் ஒருவரின் காரில் ஏறுகிறான். அது திருட்டுக் கார். அவ்வளவுதான், பிடித்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள். நியாயம் கிடைக்கும் என்று அவன் நம்புகிறான். நண்பன் டர்னர் நம்புவதில்லை. இந்த இருவரின் வாக்குவாதம்தான் நாவலின் உயிர். சுருக்கமான நூல், வார்த்தை வீணாவதில்லை. 2020இல் புலிட்சர் பரிசும் பெற்றது.

டியூ இன்னும் பின்னால், 1950க்குப் போகிறார். அவருடைய நாயகன் ராபர்ட்டும் கறுப்பினச் சிறுவன், வயது 12. அக்கா குளோரியாவிடம் அத்துமீறிய வெள்ளைக்கார இளைஞனை உதைத்ததற்கு ஆறு மாதத் தண்டனை. அங்கே செத்துப்போன சிறுவர்களின் ஆவிகள் அவன் கண்ணுக்குத் தெரிகின்றன. 1937இல் அந்தப் பள்ளியில் 15 வயதில் இறந்த ராபர்ட் ஸ்டீவன்ஸ், டியூவின் தாய்வழியில் தாத்தா முறை. அவருடைய பெயரையே நாயகனுக்கு வைத்திருக்கிறார்.

என் தேர்வு டியூதான். எல்வுட்டிடம் சில இடங்களில் ஒரு கொள்கையே பேசுவதுபோல் இருக்கிறது. ராபர்ட் கடைசிவரை குழந்தைதான். அக்காவைத் தேடுகிறான், பயப்படுகிறான், ஏமாறுகிறான். வெளியே குளோரியா தம்பியை மீட்க உதவி தேடி அலையும் பகுதிகள் இன்னும் வலுவானவை. சட்டம் யாருக்குக் காது கொடுக்கிறது, யாருக்குக் கொடுப்பதில்லை என்பது அந்த அலைச்சலில் துல்லியமாகப் புரிகிறது. பேய்க்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆவிகளைவிட அங்கே கண்காணிப்பாளராக இருக்கும் ஹாடக்தான் பயங்கரம்.

ஒரு குறை உண்டு: நூல் மிக நீளம், நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. தப்பிப் பிழைத்தவர்கள் அந்த அடியைப் பிற்காலத்தில் எப்படிச் சுமக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா? அதற்கு வைட்ஹெட்டிடம்தான் போக வேண்டும். பல வருடம் கழித்து நியூயார்க்கில் நடக்கும் அந்த அத்தியாயங்களுக்கு ஈடாக டியூவிடம் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் கவனிக்கவும்: இரண்டிலும் சித்திரவதைக் காட்சிகள் கடுமையாக இருக்கின்றன. முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்.