குதிரைய "திருத்தித் தர்றேன்"னு சொல்ற ட்ரெய்னர்கிட்ட விடுறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

துள்ளுற குதிரைய என்கிட்ட விடுங்க, ஒரே மாசத்துல பசு மாதிரி சாதுவா ஆக்கித் தர்றேன்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டிடாதீங்க. எங்க போனிய (குட்டை ரகக் குதிரை) அப்படி ஒருத்தர்கிட்ட விட்டோம், பணமும் போச்சு, போனியும் முன்னவிட மோசமாத்தான் வந்து சேந்துச்சு. பேரு போடல, இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க ப்ளீஸ்.

என் பொண்ணு ஓட்டுற போனி அது, ரொம்ப தங்கமான குணம். கொஞ்ச நாளாவே சேணத்தோட வயித்துப் பட்டைய இறுக்கும்போது காத பின்னாடி மடக்கிக்கிட்டு கடிக்க வர ஆரம்பிச்சது, அப்புறம் ட்ராட்ல (மெதுவான ஓட்டம்) இருந்து கேண்டருக்கு (அதவிட வேகமான தாவு ஓட்டம்) மாத்தினா போதும், தலைய முன்னங்காலுக்கு நடுவுல விட்டு முதுக வளைச்சு ஒரே துள்ளு. பொண்ணு கீழ விழுந்துட்டா, ஹெல்மெட் இருந்ததால தப்பிச்சா. அப்பதான் இந்த ஆளப் பத்தி சொன்னாங்க.

வந்தார், பாத்தார், "திமிருங்க, நீங்க செல்லம் குடுத்து கெடுத்து வச்சிருக்கீங்க"ன்னு சொல்லிட்டு முழு பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டார். போனியோட முதுக தொட்டுக்கூட பாக்கல, வாயத் திறந்து பல்லு பாக்கல, சேணம் பொருந்துதான்னு ஒரு பார்வை கூட இல்ல. நடுவுல பாக்க வர்றோம்னு சொன்னப்பல்லாம் "ஓனர் வந்தா கான்சன்ட்ரேஷன் போயிடும்"னு ஒரே பாட்டு.

திரும்பி வந்த அன்னிக்கு அவரே ஏறி ஓட்டிக் காமிச்சார். உண்மையிலேயே அவ்ளோ அமைதி. ஆனா வண்டில இருந்து இறங்கும்போதே எனக்கு உறுத்துச்சு, தலை முழங்கால் வரைக்கும் தொங்குது, கீழ் உதடு லூசா ஆடுது, கண்ணோட உள் மூலைல இருக்கிற மூணாவது இமை பாதி மேல வந்து நிக்குது, ஆண் குதிரைங்கறதால குறியும் வெளிய தொங்கிட்டே இருந்துச்சு. அசிப்ரோமசின் மாதிரி மயக்க ஊசி போட்டா இப்படித்தான் இருக்கும்னு பின்னாடி டாக்டர் சொன்னார். ஆனா அவர் வந்து பாக்கறதுக்குள்ள நாள் ஓடிடுச்சு, ரத்தமும் எடுக்கல, அதனால ஊசி போட்டாங்கன்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது. அடுத்த நாள் தெளிஞ்சு நின்னப்ப சேணத்த பாத்ததும் பின்னங்கால தூக்கி எட்டி உதைக்க ஆரம்பிச்சிடுச்சு, இந்தப் பழக்கம் முன்னாடி சுத்தமா கிடையாது. விலா எலும்பு எண்ணலாம், வாயோட ஓரம் ரெண்டு பக்கமும் உரிஞ்சு புண்ணு.

அங்க வேலை பாத்த ஒரு பையன் அப்புறமா சொன்னான், தலைய கீழ இழுத்துக் கட்டி ரவுண்டு பென்ல (வட்டமா வேலி போட்ட இடம்) வேர்வை சொட்டச் சொட்ட ஓட விடுவாங்களாம், வைக்கோல் புல்லயும் பாதியா குறைச்சிடுவாங்களாம். பாவி மனுசன். தெம்பு இருந்தாதானே துள்ளும்!

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, டாக்டர் கேமரா விட்டுப் பாத்தப்ப வயித்தோட மேல் பாகத்துல அல்சர். குதிரை வயித்துல ஆசிட் நாள் பூரா சுரந்துட்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும். புல்ல மென்னுட்டே இருந்தா எச்சில் உள்ள போயி அந்த ஆசிட்ட தணிக்கும், மணிக்கணக்கா பட்டினி போட்டா மேல் பாகம் வெந்துடும். அல்சர் முன்னாடியே இருந்திருக்கலாம், அதான் பட்டைய இறுக்கினா கடிக்க வந்திருக்கு, இவர் பட்டினி போட்டு வைத்தியம் பண்ணிருக்கார். அடுத்து டாக்டர் கட்டைவிரலால முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் அழுத்திட்டே போனார், தோள்மேட்டுக்குப் பின்னாடி வந்ததும் போனி முதுக சட்டுனு கீழ இறக்குச்சு. அதே இடத்துல கொஞ்சம் வெள்ளை முடி. சேணம் குறுகலாகி அழுத்திட்டு இருந்ததுக்கு அதான் அடையாளம், போனி உடம்பு போட்டுச்சு, சேணம் அதே பழசு.

சூ டைசன்னு ஒரு பிரிட்டிஷ் குதிரை டாக்டர் சவாரி நேரத்துல வலிய கண்டுபிடிக்க 24 நடத்தைய லிஸ்ட் போட்டிருக்காங்க, காத பின்னாடி மடக்கி வச்சிக்கிறது, வால சுழட்டுறது, வாயத் திறந்தபடியே ஓடுறது, துள்ளுறதுன்னு. அதுல 8 அல்லது அதுக்கு மேல இருந்தா தசை எலும்பு வலியா இருக்க வாய்ப்பு அதிகம். எங்க பழைய வீடியோவ போட்டுப் பாத்தா அதுல பாதி அப்பவே தெரியுது.

எல்லா துள்ளலும் வலி இல்லதான். தானியம் அதிகமாப் போட்டு நாள் பூரா கொட்டகைலயே அடைச்சு வச்சா எந்தக் குதிரையும் துள்ளும், அதுக்கு மேய விட்டாலே பாதி சரியாகும். துள்ளினா ஆள் இறங்கிடுவாங்கன்னு கத்துக்கிட்ட குதிரைங்களும் இருக்கு, அதுக்கு நல்ல ட்ரெய்னர் வேணும்தான். ஆனா நல்ல ட்ரெய்னர் முதல்ல கேக்குறது டாக்டர் ரிப்போர்ட்டையும் சேணத்தையும்தான். சொல்லாம கொள்ளாம வந்து பாக்கலாமான்னு கேளுங்க, முகத்த சுளிச்சா அங்கயே கிளம்பிடுங்க. எனக்கும் சொல்லித் தருவீங்களான்னு கேளுங்க, ஏன்னா தலைய கீழ விடும்போது ஒரு பக்க லகான மட்டும் எடுத்து கழுத்த திருப்பி நிறுத்தறது ஓட்டுறவங்களுக்குத்தான் தெரியணும். விடுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. திரும்பி வர்ற அன்னிக்கு டாக்டர வரச் சொல்லி ரத்தம் எடுத்துடுங்க, குதிரை வாங்கும்போதும் அதே கதைதான், நீங்க போறதுக்கு முன்னாடியே சேணம் போட்டு வேர்வையோட நிக்குதுன்னா உஷார், முன்னாடியே ஓட்டி களைக்க வச்சிருக்கலாம்.

இப்ப வயித்து ஆசிட்ட குறைக்கிற ஒமெப்ரசோல் மருந்து குடுக்கிறோம், புல்லு எப்பவும் முன்னாடி கிடக்கும், சேணத்த மாத்தியாச்சு. துள்ளல் குறைஞ்சிருக்கு, ஆனா சேணத்த கண்டா இன்னும் பயப்படுது, அதனால வெறும் துணிய முதுகுல போட்டு எடுக்கிறதுல இருந்து மறுபடி ஆரம்பிச்சிருக்கோம். பணத்த திருப்பிக் கேட்டதுக்கு அந்த ஆள் "என்கிட்ட இருந்த வரைக்கும் துள்ளவே இல்லையே"ன்னு ஒரு மெசேஜ் போட்டுட்டு என் நம்பர பிளாக் பண்ணிட்டார். எழுத்துல எதுவும் வாங்காததால கேஸ் நிக்குமான்னு ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டு இருக்கேன், ஏதாவது நடந்தா இங்கயே அப்டேட் போடுறேன்.