“கையால் வெட்டித் தருகிறேன்” என்றவரிடம் 5,040 ரூபாய் போன கதை

திருச்சியிலிருந்து ஒரு நடன ஆசிரியை போன் செய்தார். “தம்பி, தொங்கல் முத்து இல்லாத ஜிமிக்கின்னு படத்துல பார்த்துத்தானே 6 ஜோடி எடுத்தேன்? சின்னப் பிள்ளைங்க முத்தைப் பிய்ச்சுப் போட்டுடுவாங்கன்னுதான் இதைத் தேடிப் பிடிச்சேன். வந்ததுல வரிசையா முத்து தொங்குது!”

எங்களிடம் முத்து இல்லாத ஜிமிக்கியே கிடையாது. எங்கள் ஆன்லைன் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படத்தில் உண்மையாகவே முத்து இல்லை. குடை மட்டும் மொட்டையாக நின்றது.

நாங்கள் நாகர்கோவில் வடசேரிக்காரர்கள். கெம்புக் கல் பதித்த கோயில் நகை செய்கிற குடும்பம். அப்பா பட்டறையில் கல் பதிப்பார், ஆன்லைன் விற்பனை என் பொறுப்பு. நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, மேல்கையில் அணியும் வங்கி, ஒட்டியாணம், மாங்காய் மாலை என்று 84 உருப்படிகளை வெள்ளைத் துணி விரித்துப் படம் எடுத்து வைத்திருந்தேன். பின்னணியை நீக்கித் தர ஆள் தேடியபோது ஒருவர் கிடைத்தார். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். நடந்ததைத் தெரிந்துகொண்டால் போதும்.

அவர் சொன்னது இதுதான்: “ஆட்டோ வேலையே கிடையாதுண்ணா. எல்லாம் பென் டூல்ல கையால வெட்டுறது. பி.எஸ்.டி ஃபைல், உள்ளே பாத், லேயர் மாஸ்க் எல்லாம் இருக்கும். படத்துக்கு 60 ரூபா.” ஆட்டோ என்றால் மென்பொருள் தானாகவே வெட்டுவது. பென் டூல் என்பது போட்டோஷாப்பில் பொருளின் ஓரத்தில் புள்ளி வைத்துக் கோடு போடும் கருவி, அந்தக் கோடுதான் பாத். படத்தை லேயர் லேயராக, அதாவது அடுக்கடுக்காக, வைத்திருக்கும் போட்டோஷாப் ஃபைல்தான் பி.எஸ்.டி. கையால் வெட்ட நேரம் பிடிக்கும் என்பதால் விலை நியாயமாகத்தான் பட்டது. சாம்பிள் கேட்டேன். என் முதல் தவறு அங்கேதான். நான் அனுப்பியது வங்கி. பட்டையான உருப்படி, வெளி ஓரம் மட்டும்தான். அருமையாக வெட்டித் தந்தார். பாத் இருந்தது, மாஸ்க் இருந்தது, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. 2,500 முன்பணம் போட்டேன். எட்டாம் நாள் வாட்ஸ்அப்பில் சின்னச் சின்னதாக முன்னோட்டப் படங்கள் வந்தன. போனில் எல்லாமே பளிச்சென்று இருந்தது. “மீதி 2,540 வந்ததும் லிங்க் அனுப்புறேன்ணா.” போட்டேன். ஜிப் ஃபைல் வந்தது. ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே கடைப் பக்கத்தில் ஏற்றினேன்.

திருச்சி போன் வந்த அன்று ராத்திரிதான் ஃபைல்களை ஒழுங்காகத் திறந்து பார்த்தேன்.

ஒரு பி.எஸ்.டி-யில் லேயர் மாஸ்க் இருந்தால், லேயர் பேனலில் படத்தின் சின்ன உருவத்துக்குப் பக்கத்திலேயே கறுப்பு வெள்ளையில் இன்னொரு சின்ன உருவம் நிற்கும். வெள்ளை இருக்கும் இடத்தில் படம் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும். மறையும், அழியாது. அதுதான் மாஸ்க்கின் அருமையே. வந்த ஃபைல்களில் அந்தக் கறுப்பு வெள்ளை உருவமே இல்லை. ஒரே ஒரு லேயர், பின்னணியை அடியோடு அழித்திருந்தது. விண்டோ மெனுவில் பாத்ஸ் பேனலைத் திறந்தேன், காலி. வங்கியைத் தவிர 83-லும் இதே கதை.

ஃபைல்களின் நேரத்தையும் பார்த்தேன். எட்டாம் நாள் ராத்திரி 10.52-க்கு முதல் ஃபைல், 11.40-க்குக் கடைசி ஃபைல். 48 நிமிடத்தில் 83 படம், ஒன்றுக்கு 35 விநாடி. எல்லாவற்றையும் செய்து வைத்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகச் சேமித்திருப்பாரோ என்று அப்போதுகூட அவருக்காக நானே வக்காலத்து வாங்கினேன்.

முத்து எங்கே போனது என்பது அதற்கப்புறம் புரிந்தது. போட்டோஷாப்பில் 2018 முதல் ‘செலக்ட் சப்ஜெக்ட்’ இருக்கிறது. ஒரு சொடுக்கில், படத்தில் எது பொருள், எது பின்னணி என்று அதுவே ஊகித்துத் தேர்ந்தெடுக்கும். ‘ரிமூவ் பேக்ரவுண்ட்’ பொத்தானும் அதே சாதிதான், பின்னணி நீக்கும் இணையதளங்களும் அப்படியே. மனிதர் நிற்கும் படத்துக்கு இவை கெட்டிக்காரக் கருவிகள், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் வெள்ளைத் துணிமேல் வெள்ளை முத்து கிடந்தால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். துணியோடு சேர்த்து முத்தையும் தின்றுவிட்டது. கெம்பின் சிவப்பும் தங்க முலாமும் மட்டும் தப்பின.

மறுநாள் காலை அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மார்கழிக் கச்சேரி சீசனுக்காக நான் அரக்கு நிறப் பின்னணியில் ஒரு விளம்பரம் செய்துகொண்டிருந்தேன். மாங்காய் மாலையை அதன்மேல் வைத்ததும் அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்: “மக்கா, இதென்ன, மாங்காய்க்கு நடுவுல எல்லாம் ஓட்டை அடைஞ்சுல்லா கெடக்கு? ஈயம் ஊத்துன மாதிரி?” மாங்காய்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் வெள்ளைத் துணி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கடைப் பக்கத்தின் வெள்ளைப் பின்னணியில் அது தெரியவே இல்லை. அரக்கில் வைத்ததும் பல் இளித்தது. ஒட்டியாணத்தின் கொக்கி வளையத்துக்குள்ளும் அதே துணி. 20 வருடமாக அந்த இடைவெளிகளை அரத்தால் அராவித் திறக்கிற மனிதருக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் தெரிந்த எனக்குத் தெரியவில்லை.

எடிட்டருக்குப் போன் போட்டேன். “வெள்ளை பேக்ரவுண்டுக்குத்தானேண்ணா கேட்டீங்க? அதுல நல்லாத்தானே இருக்கு?” என்றார். பாத் எங்கே என்றதும் கொஞ்சம் மௌனம். “சரிண்ணா, திருத்தி அனுப்புறேன்.” இரண்டு நாள் கழித்து 12 ஃபைல் வந்தது. பாத்ஸ் பேனலில் பாத் இருந்தது! கொஞ்சம் மனசு ஆறியது.

அந்தப் பாத்தைச் சொடுக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அடுத்த ஏமாற்று தெரிந்தது. கையால் பென் டூல் போடுகிறவர், ஜிமிக்கிக் குடையின் வளைவுக்கு எட்டு, பத்துப் புள்ளிதான் வைப்பார். வளைவு திரும்பும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று, நடுவில் கோடு தானாக வழுக்கிக்கொண்டு போகும். இவர் அனுப்பியதில் எறும்பு மொய்த்ததுபோல நூற்றுக்கணக்கான புள்ளிகள், குடையின் ஓரம் முழுக்க நெளிநெளியாக. ஆட்டோவில் தேர்ந்தெடுத்ததை ‘மேக் வொர்க் பாத்’ கொடுத்துப் பாத்தாக மாற்றினால் இப்படித்தான் வரும். முத்து அப்போதும் திரும்பவில்லை. ஏற்கெனவே அழித்த படத்தைச் சுற்றித்தானே கோடு போட்டிருக்கிறார்! அதைச் சொன்னதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

இதில் என் முட்டாள்தனமும் ஒன்று உண்டு. ஃபைல் வந்த சந்தோஷத்தில் கேமரா கார்டை அழித்து வேறு வேலைக்கு எடுத்துவிட்டேன். கணினியில் நகல் எடுத்து வைத்தது 65 மட்டும். மீதி 19-ம் ஆர்டருக்குச் செய்தவை, நகையே கைவிட்டுப் போய்விட்டது. சொன்னபடி மாஸ்க் போட்டிருந்தால், மாஸ்க்கின்மேல் வெள்ளைத் தூரிகையால் நாலு தேய் தேய்த்தாலே முத்து திரும்பி வந்திருக்கும். அதுதான் இன்னும் ஆறவில்லை.

நகை, பித்தளைப் பாத்திரம், மரச்சாமான் என்று ஓரம் தீர்க்கமாக உள்ள பொருள் விற்பவர்கள் வேலை கொடுப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். சாம்பிளுக்கு உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான உருப்படியை அனுப்புங்கள். எனக்கு அது மாங்காய் மாலை. ஒன்றுக்கு இரண்டாக அனுப்புங்கள், பணம் கொடுத்தே. மீதிப் பணம் போடும் முன் ஏதாவது ஐந்து பி.எஸ்.டி-யை நீங்களே பொறுக்கிக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வருவது சுருங்கி ஜேபெக்காகத்தான் வரும், அதில் பின்னணி நீங்கியதா என்பதே தெரியாது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். திறந்ததும் அடியில் ஒரு லேயர் போட்டு அடர் நிறத்தால் நிரப்புங்கள், 200 சதவீதம் பெரிதாக்கி ஒவ்வொரு இடைவெளியாகப் பாருங்கள். ஆல்ட் பிடித்துக்கொண்டு மாஸ்க்கைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் வரும். உலோகத்தின் நடுவில் சாம்பல் திட்டு தெரிந்தால் அங்கே நகை பாதி மறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

தலைமுடி, வலைத்துணி இருந்தால் கணக்கே வேறு. அங்கே பென் டூல் போட்டால் தலையில் ஹெல்மெட் மாட்டியதுபோல இருக்கும். அதற்கு ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ போய் ஓரத்தைத் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பென் டூல் என்று ஒருவர் சத்தியம் செய்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஆட்டோவில் வெட்டுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டோ என்று சொல்லி 10 ரூபாய் வாங்கியிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்து, முத்தை நானே பார்த்துக்கொண்டிருப்பேன்.

திருச்சி அம்மாவுக்கு முத்தைக் கழற்றி, கொக்கியை ராவி மூடி, 6 ஜோடியையும் அப்பாவே திருப்பி அனுப்பினார். கூரியர் செலவு எங்களுடையது. 65 படத்தில் இதுவரை 31-ஐ நானே பென் டூலில் வெட்டியிருக்கிறேன், ஒரு ஜிமிக்கி ஜோடிக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. வங்கிப் படத்தை மட்டும் மாற்றவில்லை. அவர் வெட்டிய அதே சாம்பிள்தான் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. அது நிஜமாகவே நல்ல வேலை.