இரண்டு குரோஸுக்குப் பணம் வாங்கினார்கள், ஒன்றைத்தான் மாற்றினார்கள்

மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன் என்று பழைய கார்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், இயந்திரத்தின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெலர் ஷாஃப்ட், அதன் முனைகளில் இருக்கும் குரோஸ் என்ற மூட்டு, இவற்றின் வேலைக்காகக் காரை ஒரு கராஜில் விடும் முன் தயவுசெய்து இதை வாசித்துவிடுங்கள். எனக்கு நடந்தது பணநட்டத்தோடு போயிற்று. கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் இன்னும் சிறிது தூரம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. பக்கத்து இருக்கையில் அம்மா இருந்தார்.

எங்களுடையது 1961ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. 948 சிசி இயந்திரம். அப்பா 1979இல் வாங்கியது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அதன் சத்தத்தை வைத்து அப்பா வந்துவிட்டார் என்று அறிந்துகொள்வோம். அவர் காலமான பிறகு நான்தான் ஓட்டுகிறேன்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம், ரிவர்ஸ் போட்டுக் கிளச்சை விட்டதும் காருக்கு அடியில் ‘டொக்’ என்று ஓர் அடி கேட்டது. முதல் கியருக்கு மாற்றியதும் அதே அடி. இது எனக்குப் புதிதல்ல. சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு கையால் ஷாஃப்டையும் மறு கையால் பின் அச்சின் டிஃபரன்ஷல் பக்கத்தில் அது சேரும் ஃபிளாஞ்சையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பார்க்க அப்பா எனக்குப் பதினைந்து வயதிலேயே பழக்கியிருந்தார். அங்கே மயிரளவு ஆட்டமும் இருக்கக் கூடாது. எனக்கு நன்றாகவே ஆடியது. குரோஸின் மூடியைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் பொடியும் இருந்தது. கிரீஸ் வற்றி, உள்ளே பெயரிங் ஊசிகள் துருப்பிடித்து அரைபட்ட பொடி அது. செம்பொடி கண்டால் குரோஸ் முடிந்தது என்பார் அப்பா.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மைனரின் இயந்திரம் முன்னால், இழுவை பின் சக்கரங்களில். இலை ஸ்பிரிங்குகளில் பின் அச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் ஷாஃப்டின் சாய்வும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டு முனைகளிலும் யூனிவர்சல் ஜொயின்ட் இருக்கிறது. நம் கராஜ்களில் குரோஸ் என்பது அதைத்தான். சிலுவை வடிவ இரும்பு, அதன் நான்கு முனைகளிலும் ஊசி பெயரிங் (ஊசிபோல் மெல்லிய உருளைகள்) நிறைந்த நான்கு மூடிகள், மூடிகள் வெளியே வராமல் பிடிக்கும் நான்கு சேர்க்கிளிப்புகள். நான்காவது கியரில் இயந்திரமும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. மணிக்கு 60 கிலோமீற்றரில் அது நிமிடத்துக்கு 2,000 தடவைக்கு மேல். அந்தச் சுழற்சி முழுவதையும் தாங்குவது இந்தச் சிறிய மூடிகள்தான்.

நான் போன கராஜின் பெயரை, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் விசாரணை முடியும் வரை எழுதப்போவதில்லை. கொழும்பு நகருக்குள் இருக்கிறது. வாசலில் பளபளக்கும் பழைய கார்கள் நான்கைந்து வரிசையாக நின்றன. அதைப் பார்த்துத்தான் நம்பினேன். முதலாளி நன்றாகப் பேசினார். “தங்கச்சி, மைனர் எங்களுக்குக் கைப்பழக்கம். இங்கிலாந்துச் சாமான் போட்டுத் தருகிறேன், இனிப் பத்து வருடத்துக்கு நீங்கள் அடியில் பார்க்கவே தேவையில்லை” என்றார். குரோஸ் ஒன்று 14,500 ரூபாய், இரண்டுக்கும் 29,000. கூலி 9,000. இரண்டு நாளாகும் என்றவர் அன்று பின்னேரமே அழைத்து வேலை முடிந்தது என்றார்.

போய்ப் பார்த்தேன். ஷாஃப்ட் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து மின்னியது. குரோஸ் மூடிகளின் மேலும் பெயின்ட். புதிய சாமானுக்கு எதற்குப் பெயின்ட் என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பழைய குரோஸ்களைத் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார் என்றார்கள். காலையில் கழற்றிய இரும்பை மாலைக்குள் கொண்டுபோய்விட்டாராம். பெட்டியைக் கேட்டேன், ஒன்றைக் காட்டினார்கள். மற்றதைப் பையன் வீசிவிட்டான் என்றார்கள். மூன்று பொய்யையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு 38,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். பற்றுச்சீட்டில் மட்டும் ‘குரோஸ் 2’ என்று எழுதச் சொல்லி வாங்கினேன். இப்போது என் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

பத்து நாள் கழித்துக் கண்டியில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் புறப்பட்டோம். நிட்டம்புவை தாண்டியதும் இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு தொடங்கியது. ஐம்பதுக்குக் கீழே குறைத்தால் அடங்கியது, கூட்டினால் வந்தது. சக்கரச் சமநிலையாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மாவனல்லையைக் கடந்து ஏற்றம் தொடங்கியபோது அதிர்வு அடியாக மாறியது. பாறையைக் குடைந்து வீதி போகும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஓரமாக நிறுத்திவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். பின்பக்கக் குரோஸின் ஒரு மூடி, ஷாஃப்டின் முனையில் குரோஸைப் பிடிக்கும் கவையின் துளையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. சேர்க்கிளிப் இல்லை. தரையில் இரண்டு ஊசிகள் மின்னிக்கொண்டு கிடந்தன.

ஏற்றத்தில் ஷாஃப்ட் அறுந்தால் கார் கியரில் நிற்காது, பின்னால் உருளும். அறுந்த முனை சுழன்று அடித்து பிரேக் குழாயையும் கிழிக்கக்கூடும். முன்முனை அறுந்து வீதியில் குத்திக்கொண்டால் காரையே தூக்கிவிடும். மூடி வெளியே வந்த நிலையில் எத்தனை கிலோமீற்றர் ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. அம்மாவைக் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காரை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

இந்த முறை கராஜுக்குப் போகவில்லை. தெமட்டகொடையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஷாஃப்டைக் கழற்றிக் கொண்டுபோனேன். அப்பாவுக்குத் தெரிந்தவர். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. கத்தி முனையால் முன்பக்கக் குரோஸின் மூடியைச் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே சிவப்புத் துரு வந்தது. பிரித்து வெளியே எடுத்துச் சிலுவையைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். ஊசிகள் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திச் சிலுவையின் முனையில் பள்ளக் கோடுகள் விழுந்திருந்தன. விரல் நகத்தால் தடவினால் சீப்பின் பற்களைத் தடவுவதுபோல் இருந்தது. பல வருடத் தேய்மானம் அது. முன்பக்கத்தை அவர்கள் தொடவே இல்லை. வெளியே கிரீஸ் அப்பிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பின்பக்கம் புதியதுதான். ஆனால் வேலை அதைவிடக் கேவலம். மூடியைச் செருகும்போது ஓர் ஊசி சாய்ந்து மூடியின் அடியில் படுத்துவிட்டிருக்கிறது. இது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அப்படி ஆனால் மூடி முழு ஆழத்துக்கு இறங்காது, சேர்க்கிளிப்பின் பள்ளம் தெரியாது. உடனே கழற்றி ஊசியைக் கிரீஸில் நிறுத்தி மறுபடி செருக வேண்டும். பத்து நிமிட வேலை. அவர்கள் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். அடித்தும் இறங்காததால் சேர்க்கிளிப்பையே விட்டுவிட்டு, மூடியைக் கவையோடு இரண்டு புள்ளியில் வெல்டிங் வைத்து, அதன் மேல் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். ஒரு புள்ளி விரிசல் விட்டிருந்தது. மற்றது அறுந்திருந்தது. வெல்டிங் சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் கரி போல இறுகியிருந்தது. படுத்துக் கிடந்த ஊசியை அவர் குறட்டால் எடுத்துக் காட்டினார். நடுவில் வளைந்திருந்தது.

என்னால் மன்னிக்க முடியாதது கவைக்குச் செய்ததுதான். சுத்தியல் அடியில் அதன் ஒரு காது உள்ளே சாய்ந்து, துளை நீள்வட்டமாகிவிட்டது. குரோஸ் போனால் கடையில் வாங்கலாம். அறுபது வருடம் அந்தக் காரோடு ஓடிய ஷாஃப்ட் இனி எந்தக் காருக்கும் உதவாது. பெரியவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இதைச் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள்” என்றார்.

வேறொரு ஷாஃப்ட் தேடி மூன்று வாரம் அலைந்தேன். கடைசியில் பிரித்து விற்கப்பட்ட ஒரு மைனரிலிருந்து கிடைத்தது. கராஜ் காட்டிய அதே பெட்டிக் குரோஸ் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒன்று 6,500 ரூபாய்க்கு இருந்தது. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கார்களின் குரோஸ் அங்குல அளவில் செய்யப்பட்டது. கிட்டத்தட்ட அதே பருமனில் இருக்கும் ஜப்பான் கார்க் குரோஸை “இது போகும்” என்று நீட்டுவார்கள். வெர்னியர் அளவுகோலால் மூடியின் விட்டத்தை அளக்காமல் வாங்காதீர்கள்.

பெரியவர் செய்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். துளைகளையும் சேர்க்கிளிப் பள்ளங்களையும் ஊசி முனையால் சுரண்டிச் சுத்தம் செய்வதிலேயே அரை மணி நேரம் போயிற்று. பிறகு வைஸ் என்ற இறுக்கியில் வைத்து, ஒரு பக்கம் சிறிய சொக்கெட், மறுபக்கம் பெரிய சொக்கெட் கொடுத்து மெல்ல மெல்ல அழுத்தினார். சுத்தியலை எடுத்தது ஒரே ஒரு தடவை. கடைசியில் குரோஸ் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால் செம்புச் சுத்தியலால் கவையைத் தட்டி விடுவித்தார். இரண்டு விரலால் அசைத்தால் அது எல்லாப் பக்கமும் எண்ணெய்போல் திரும்பியது. நான் கேட்காமலே பழைய குரோஸ்கள் இரண்டையும் வீரகேசரித் தாளில் சுற்றித் தந்தார்.

கராஜ் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் பழைய கார் என்றால் இப்படித்தான் என்றார். பிறகு பையன் செய்த பிழை என்றார். கடைசியில் 5,000 ரூபாயை நீட்டினார். வாங்கவில்லை. அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட்டேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. யாராவது காலம் கடத்திக்கொண்டிருந்தால் இன்றே அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

காரை விடும் முன் கீழே படுத்து, குரோஸின் எட்டு மூடிகளிலும் ஆணியால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள். ஷாஃப்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் எட்டு சேர்க்கிளிப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பெயின்ட் அடித்திருந்தால் அங்கேயே சுரண்டச் சொல்லுங்கள். பழைய சாமான் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. காது சாய்ந்த ஷாஃப்ட், தேய்ந்த சிலுவை, அந்த ஒற்றை ஊசி, பற்றுச்சீட்டு நான்கையும் கொண்டுபோகிறேன். பழைய கார் ஷாஃப்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து வாங்கிய வேறு யாராவது கொழும்பில் இருந்தால், சுரண்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே போகலாம்.