டை ஃபைட்டரா, ஃப்ரீஸ்பேஸ் 2ஆ?

விண்வெளியில கப்பல் ஓட்டி சண்ட போடுற இந்த ரெண்டு கேமையும் ஹட்டன்ல அண்ணன் வீட்டு பழைய கம்ப்யூட்டர்ல தான் வெளையாடுனேன், வெளிய மழ பெஞ்சுகிட்டே இருக்கும், உள்ள ஜாய்ஸ்டிக் பிடி வேர்வையில பிசுபிசுன்னு ஒட்டும். 1994ல வந்த டை ஃபைட்டர்ல நாம ஸ்டார் வார்ஸ் படத்துல வர்ற வில்லன் பேரரசு பக்கம், மொத குடுக்குற கப்பலுக்கு ஷீல்டே, அதாவது அடிய தாங்குற கவசமே கெடையாது, கொஞ்சம் அடி வாங்குனாலே கதை முடிஞ்சிது, அதனால லேசருக்கு போற பவர கொறச்சு வேகத்த கூட்டுறதா இல்ல வேகத்த விட்டுட்டு சுடுறதான்னு ஒவ்வொரு நொடியும் யோசிக்கணும். அந்த பதட்டம் தான் அதோட உயிரே.

ஃப்ரீஸ்பேஸ் 2 வந்தது 1999ல. பிரமாண்டம்னா அது தான்! பெரிய கப்பலுங்க ஒண்ண ஒண்ணு பீம் கதிரால அறுக்கும்போது நடுவுல நாம கொசு மாதிரி பறக்குறோம். அப்பறம் அந்த நெபுலா (விண்வெளி வாயு மேகம்) மிஷன், ராடார் சரியா வேல செய்யாது, மூட்டத்துக்குள்ளேருந்து திடீர்னு ஒரு கருப்பு உருவம்... நானுஓயா ரோட்டுல காலைல பனிக்குள்ள லைட் போட்டுட்டு பஸ் வர்ற மாதிரியே இருக்கும், எங்க ஊர் பிள்ளைகளுக்கு அது உடனே புரியும். 2002ல சோர்ஸ் கோட, அதாவது கேமோட மூல நிரல வெளியிட்டதால ரசிகர்கள் அத இன்னும் மெருகேத்திட்டே இருக்காங்க.

கிராஃபிக்ஸ்ல ஃப்ரீஸ்பேஸ் தான், பேச்சே இல்ல. ஆனா என் ஓட்டு டை ஃபைட்டருக்கு. ஷீல்டு இல்லாத கப்பல்ல மிஷன முடிச்சு உயிரோட திரும்புறப்ப நெஞ்சு அடிக்கிற அடி, அது மத்ததுல எனக்கு கெடைக்கல.